பிலோவுக்கு இரவல் கை வேண்டாம்

என்ர ஆசை மச்சாள் பிலோவுக்கு,

"எப்பிடியடி இருக்கிறாய்?" எண்டு கேக்கத்தான் வாய் வருது. இத்தனை வருசமும் போனை எடுத்தவுடன கேட்ட கேள்வி அதுதானே. சரி, கேக்கேல்லை. நான் சொல்லுறன், நீ கேள். இடையில குறுக்க விழாதே. இந்த ஒரு தரமாவது நான் தொடங்கின கதையை நானே முடிக்கவேணும்.

போன சனிக்கிழமை உன்ர முப்பத்தோராம் நாள் பூசை. மாதா கோயில் நிறைஞ்ச சனம், சிட்னியில இருந்தும் வந்தவை. பூசை முடிய ஹோலில சாப்பாடு. மீன்குழம்பு உன்ர கைப்பக்குவத்துக்குக் கிட்டவும் வராது, ஆனா அண்டைக்கு எனக்குக் குறை சொல்ல மனம் வரேல்லை. மேடைக்குப் பக்கத்தில உன்ர படம் நிண்டது. ஆளுயரப் படம். அழுகை வரும் எண்டு கைலேஞ்சியைக் கையில சுத்தி வைச்சிருந்தனான். அழுகைக்கு முதல் பெருமைதான் வந்தது பிலோ.

அந்தப் படம் அங்க வாறதுக்கு முதல் நானும் அண்ணாவும் பிடிச்ச சண்டை உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுறன். எழுதி, எங்கட கோயில் இதழிலயும் போடச் சொல்லிக் குடுக்கப்போறன். ஆக்களுக்கு முன்னால சொன்ன பொய்யை ஆக்களுக்கு முன்னாலதானே திருத்தவேணும்? என்ன பொய் எண்டு கேக்கிறாய். பொறு, வாறன்.

உன்னைத் தெரியாத ஆக்களும் இதை வாசிப்பினம், அவைக்கு ஒரு சொல். பிலோமினா முதல்ல எனக்கு மன்னாரில பள்ளிக்கூடச் சிநேகிதி. பிறகு என்ர அண்ணாவைக் கட்டி மச்சாள் ஆனவள். அவையின்ர வீடும் எங்கட வீடும் இங்க வெரிபீ எண்ட இடத்தில இரண்டு தெரு தள்ளித்தான். நகரத்தில ஒரு பெரிய ஓவியக் காலரியில துப்புரவு வேலைக்குப் போனவள், பிறகு அங்கயே கறுப்பு யூனிஃபோம் போட்டு, இடுப்பில காவலாக்கள் கதைக்கிற ரேடியோ கொழுவி, ஒரு அறைக்குக் காவல் நிண்டவள். ஒன்பது வருசம், அதே அறை, அதே கதவடி.

அந்த அறையில என்ன இருந்தது எண்டு உன்ர குசினியில கிடந்த வெங்காயத்துக்கும் தெரியும். வேலையால வந்து, சப்பாத்தைக் கழட்டி, கதிரையில காலை நீட்டினவுடன தொடங்கிவிடுவாய். "இண்டைக்குப் பெரிய மனுசி சுகமா இருக்கிறா." பெரிய மனுசி எண்டது சுவரில தொங்குற ஒரு சீமாட்டி. கனகாலத்துக்கு முதல் ஏதோ ஒரு ஐரோப்பிய அரண்மனையில வாழ்ந்தவ. கறுப்பு வெல்வெட் உடுப்பு, கழுத்தில முத்துமாலை, பின்னால தூண், தூணில சிவப்புத் திரை. "உன்ர மாமியார் இண்டைக்கு என்னவாம்?" எண்டு நான் பகிடி பண்ணுவன். உன்ர உண்மையான மாமியார் என்ர அம்மாதான் எண்டது பிறகுதான் எனக்கு யோசினை வரும்.

"எடி ஜெசி, அவ முழு ஆளா நிக்கிறா பார். அந்தக் காலத்தில தலையில இருந்து கால் வரைக்கும் படம் கீறுவிக்கிறதெண்டா பெரிய இடத்து ஆக்களுக்குத்தான். மற்றவைக்குத் தலையும் தோளும் காணும்." இப்பிடித்தான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்டு வரும். கீறினவன் தன்ர கண்ணை அவவின்ர இடுப்புக்கு நேர வைச்சுக் கீறியிருக்கிறானாம், அதால பாக்கிற நாங்கள் எங்களுக்குத் தெரியாமலே அண்ணாந்து பாக்கிறமாம். சிரிக்கமாட்டாவாம், ஏனெண்டா சிரிச்சு ஆளைப் பிடிக்கவேண்டிய தேவை அவவுக்கு இல்லையாம். பக்கத்தில ஒரு கதிரை. அதில இருக்கேல்லை, முதுகில கையை மட்டும் வைச்சிருக்கிறா. ராசாவுக்கு முன்னால எல்லாரும் கதிரையில இருக்கேலாத காலம் அது, தனக்கு அந்த உரிமை இருக்கு எண்டு அந்தக் கை சொல்லுது எண்டாய்.

ஒருநாள் உன்ர யூனிஃபோமைப் பாத்து, "ஏனடி, செத்தவீட்டுக்குப் போறமாதிரி ஒவ்வொரு நாளும் கறுப்பு?" எண்டு கேட்டிட்டன். என்ன கோபம் உனக்கு! "நல்ல ஆழமான கறுப்புச் சாயம்தான் அந்தக் காலத்தில ஆக விலை. பெரிய மனுசியும் கறுப்பு, நானும் கறுப்பு. நீ போய் உன்ர பூப்போட்ட சட்டையைப் போடு" எண்டு முகத்தைத் திருப்பினாய். நான் இரண்டு நாள் அந்தச் சட்டையைப் போடேல்லை.

எல்லாத்திலயும் எனக்குப் பிடிச்சது கைக்கதைதான். "முகத்தைப் பாக்காதே, மற்றக் கையைப் பார்" எண்டுவாய். மெல்லிசான வெள்ளைக் கை, கழட்டின கையுறை ஒண்டைச் சும்மா பிடிச்சிருக்கும். ஒரு வேலையும் செய்யாத கை எண்டு ஊருக்குக் காட்டத்தான் அப்பிடியாம். பிறகு குரலைத் தணிச்சு, களவு சொல்லுறமாதிரிச் சொல்லுவாய்: "அது அவவின்ர கையே இல்லையடி. முகத்தைக் கீறத்தான் அவ வந்து நிண்டவ. உடுப்பை ஒரு மரப் பொம்மைக்குப் போட்டு வேறொருத்தன் கீறினவன். கை ஆரோ ஒரு பெட்டையின்ர கை. அப்ப அப்பிடித்தான் கனபேர் செய்தவையாம்." நாங்கள் இரண்டு பேரும் எப்பிடிச் சிரிச்சம்!

இவ்வளவும் கேட்டனே, ஒருநாளாவது வந்து பாத்தனானா? "வாவன் ஜெசி, ஒரு ரெயின்தானே" எண்டு எத்தினை தரம் கூப்பிட்டாய். முதுகுநோ எண்டன், வேலை எண்டன், மழை எண்டன். ஒண்டும் இல்லை. கதவடியில யூனிஃபோமோட நீ நிக்க, பெரிய ஆக்கள் உன்னைக் கடந்து போறதை என்ர கண்ணால பாக்க எனக்கு விருப்பம் இல்லை. வயசான ஆக்களைக் குளிக்கவாத்து, உடுப்பு மாத்திவிடுற வேலை செய்யிறவள் நான். எனக்கென்ன வந்த பெருமை எண்டு கேள். கேக்கத்தான் வேணும்.

இப்ப அந்தப் பொய். மாதா திருநாளண்டு சிட்னிப் பக்கம் ஸ்ட்ராத்ஃபீல்டில இருந்து வந்த ஒரு அன்ரி, பட்டும் பவுணுமா என்னட்டக் கேட்டவ, "உங்கட மச்சாள் எங்க வேலை?" எண்டு. நான் கொஞ்சமும் யோசிக்கேல்லை. "பெரிய காலரி ஒண்டில, ஒஃபிசில பொறுப்பான வேலை" எண்டிட்டன். திரும்பிப் பாத்தா நீ எனக்குப் பின்னால, பொரிச்ச ரோல்ஸ் தட்டோட நிக்கிறாய். "அன்ரி, சூடா இருக்கு, எடுங்கோ" எண்டாய். உனக்கு அது கேட்டதா பிலோ? அண்டு முழுக்க உன்ர முகத்தைப் பாத்தன், ஒண்டும் பிடிபடேல்லை.

சரி, சண்டைக்கு வாறன். முப்பத்தோராம் நாளுக்கு உன்ர நினைவுமலர்ப் புத்தகம் அடிக்கவேணும், ஹோலில பெரிய படம் வைக்கவேணும். அண்ணா சிட்னியில கிரவீனில இருக்கிற ஒரு மலர்க்காரரிட்டக் குடுத்திருக்கிறார். எங்கட ஆக்கள் கனபேரின்ர செத்தவீட்டு மலர் அவர்தான் செய்யிறவர். உன்ர அடையாள அட்டைப் படத்தை அனுப்ப, அவர் அட்டைப்படம் செய்து திருப்பி அனுப்பினார். அண்ணா போனைக் கொண்டோடி வந்து காட்டுறார், "பார் ஜெசி, எவ்வளவு வடிவு எண்டு."

ஐயோ பிலோ! முகம் உன்ர முகம். கழுத்துக்குக் கீழ ஆரோ ஒருத்தி. குங்குமக் கலரில காஞ்சிபுரப் பட்டு, இடுப்பு வரைக்கும் தொங்குற அட்டியல், கை நிறையக் காப்பு, விரல் நிறைய மோதிரம். பின்னால தூண். தூணில சிவப்புத் திரை! நீ கண்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாய்.

நான் வாயைத் திறக்க முதல் உன்ர மகள் நிரோ அறைக்குள்ள போய் ஒரு புத்தகத்தோட வந்தாள். போன வருசம் மோசம்போன சூசையம்மா அன்ரியின்ர நினைவுமலர். இரண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சாள். அதே பட்டு, அதே அட்டியல், அதே விரலில அதே மோதிரம். ஒரே உடம்பில இரண்டு தலை. "மாமி, அம்மாவுக்கு சூசையம்மா அன்ரியின்ர உடம்பைக் குடுத்திருக்கினம்" எண்டாள். சிரிக்கிறாளோ அழுகிறாளோ எண்டு விளங்கேல்லை.

எனக்கு வந்த விசருக்குக் கேக்கோணுமே? "உது பிலோ இல்லை, உதை நான் வைக்கவிடமாட்டன்" எண்டு கத்தினன். அண்ணா முதல்ல சாந்தமாத்தான் சொன்னார். "ஜெசி, உயிரோட இருக்கேக்க நான் அவளுக்கு இப்பிடி ஒரு பட்டு எடுத்துக் குடுக்கேல்லை. செத்தபிறகாவது ஒருக்கா உடுத்தட்டும்." எண்டாலும் விடேல்லை. இரவல் உடம்பில உடுத்தி என்ன எண்டு கேட்டன்.

அதுக்கு அவர் உன்ர கதையையே எடுத்து எனக்கு எறிஞ்சார். "அவளே சொன்னவள்தானே, அந்தச் சீமாட்டியின்ர கையும் இரவல் எண்டு? அரண்மனையில செய்யலாம், நாங்கள் செய்தா பிழையோ?" நான் கதையை மாத்தினன். பிறகு யூனிஃபோமோட ஒரு படம் இருந்தாலும் பரவாயில்லை, அதை வைப்பம் எண்டன். அண்ணா எழும்பிட்டார். "கதவடியில நிண்டவள் எண்டு ஹோலில எல்லாருக்கும் காட்டச் சொல்லுறியோ? ஒஃபிசில வேலை எண்டு கோயில்ல சொன்னது ஆர்? நீயெல்லோ சொன்னனி? அண்டு தொட்டு நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டு திரியிறன்."

அதுவும் நிரோவுக்கு முன்னால. நான் போட்ட விதையை அவர் தண்ணி ஊத்தி வளத்திருக்கிறார். மலர் அச்சுக்குப் போக இரண்டு நாள்தான் கிடந்தது.

அடுத்தநாள் காலமை ஒருத்தருக்கும் சொல்லாமல் வெரிபீயில ரெயின் ஏறினன். நீ ஒன்பது வருசம் போன ரெயின். காலரிக்குள்ள போய் வழி கேட்டுக் கேட்டு உன்ர அறைக்கு வந்தன். வாசலில நிண்டவ ஹெலன், உன்னோட வேலை செய்த கிரேக்க மனுசி. செத்தவீட்டில கண்டவ எண்டபடியா என்னை அடையாளம் பிடிச்சிட்டா. கட்டிப்பிடிச்சுக்கொண்டு கொஞ்சநேரம் நிண்டா.

பெரிய மனுசியைப் பாத்தன். நீ சொன்ன எல்லாம் இருந்தது: தூண், திரை, முத்து, கதிரை. உண்மையடி, நான் அண்ணாந்துதான் பாத்தன். பாக்கப் பாக்க எங்கயோ கண்ட ஆள் மாதிரி இருக்கு. தோள் பின்னுக்கு, நாடி கொஞ்சம் மேல, ஒரு அவசரமும் இல்லை. பிறகுதான் பிடிபட்டுது. நீ பூசையில அப்பிடித்தான் நிப்பாய். சுப்பர்மார்க்கற் வரிசையில அப்பிடித்தான் நிப்பாய். உன்ர காலுக்குச் சுகமில்லாமல் வந்த கடைசி மாசங்களில, டொக்டர் அறைக்கு வெளியிலயும் கதிரை முதுகில கையை வைச்சு அப்பிடித்தான் நிண்டாய். அவ உனக்கு முன்னால நிண்டு நிண்டு, நீ அவவுக்கு முன்னால நிண்டு நிண்டு, ஆருக்கு ஆர் பழக்கினது எண்டு ஆருக்குத் தெரியும்?

ஹெலன் சொன்னதை நான் தமிழில எழுதுறன். "சனம் பிலோவைத் தேடித்தான் வரும். வழிகாட்டிகள் சொல்லுறது மறந்துபோகும், பிலோ சொல்லுறது மறக்காது" எண்டா. ஒருக்கா ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்ததாம். கைக்கதையைச் சொன்னவுடன ஒரு பெட்டை கேட்டாளாம், "உங்களைக் கீறினா ஆரின்ர கையை வைப்பினம்?" எண்டு. நீ உன்ர கையைத் தூக்கிக் காட்டி, "அவவுக்கு இரவல் கை தேவைப்பட்டது. எனக்கு என்ர கை காணும்" எண்டாயாம். அண்ணாவுக்குச் சொல்லப் பதில் இல்லாமல் நான் இரவு முழுக்கப் புரண்டு கிடந்தனான். பதில் இங்க, ஹெலனிட்டக் கிடந்திருக்கு.

கடைசியா ஹெலன் ஒண்டு கேட்டா. "மகள் எடுத்த படத்தைத்தானே வைக்கிறீங்கள்?" எந்தப் படம் எண்டன். "கடைசி நாள் வேலையில, இந்தக் கதவடியில எடுத்ததே! எங்கட முழு ஆக்களும் சுத்தி நிண்டு பாத்தம்." எனக்கு அப்பிடி ஒரு படம் இருக்கெண்டே தெரியாது.

வீட்ட வந்து நிரோவைப் பிடிச்சன். அவள் தலையைக் குனிஞ்சுகொண்டு போனை நீட்டினாள். "அம்மாதான் எடுக்கச் சொன்னவ மாமி. அப்பா வெக்கப்படுவார் எண்டு காட்டேல்லை. நீங்களும்..." எண்டு நிப்பாட்டிப்போட்டாள். அந்த 'நீங்களும்' எனக்குச் செருப்பால அடிச்சமாதிரி இருந்தது. வாங்கவேண்டிய அடிதான்.

படத்தைப் பாத்தன் பிலோ. ஆக்கினைகாரி! நீ எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செய்திருக்கிறாய். "போனை இடுப்புக்கு நேர பிடி, சிரி எண்டு சொல்லாதே, கால் வரைக்கும் எடு" எண்டு பிள்ளைக்குக் கட்டளை போட்டனியாம். கறுப்பு யூனிஃபோம், இடுப்பில ரேடியோ, நெஞ்சில பெயர்த்தகடு. காவல்காரர் களைச்சா இருக்கிற மடக்குக் கதிரை பக்கத்தில. நீ இருக்கேல்லை. முதுகில கையை வைச்சுக்கொண்டு நிக்கிறாய். பின்னால தூணும் இல்லை, திரையும் இல்லை, வெறும் கதவு நிலை.

அண்ணா எங்களுக்குப் பின்னால வந்து நிண்டதை நாங்கள் காணேல்லை. போனை வாங்கிப் பெரிசாக்கினார். முகத்தை இல்லை, கையை. நண்டு உடைக்கேக்க கத்தி பட்டுப் பெருவிரலில விழுந்த தழும்பு, அதைத்தான் பெரிசாக்கிக்கொண்டு நிண்டார். "இது அவளின்ர கை" எண்டார். கொஞ்சநேரம் போய்த் திரும்பவும், "இது அவளின்ர கை" எண்டார். நான் அப்பதான் சொன்னன், "அண்ணா, நான்தான் முதல் பிழை விட்டனான். அவள் செய்த வேலையில ஒரு குறையும் இல்லை, என்ர வாயிலதான் குறை" எண்டு. அவர் என்னைப் பாக்கேல்லை. எண்டாலும் என்ர தலையில கையை வைச்சார், சின்னனில வைக்கிறமாதிரி.

உடன கிரவீனுக்குப் போன் போட்டார். மலர்க்காரர் நல்ல மனுசன், ஆனா பயந்திட்டார். "யூனிஃபோமோடயோ அண்ணை? ஆக்கள் என்ன சொல்லுவினம்? தோளில ஒரு சால்வையாவது போட்டுவிடட்டே?" எண்டது எனக்கும் கேட்டுது. அண்ணா, "ஒண்டும் போடவேண்டாம் தம்பி. ஒரு தூண்கூட வைக்கவேண்டாம்" எண்டார். அழுதழுது சிரிச்சம், மூண்டு பேரும்.

சனிக்கிழமை படத்தை மேசைக்கு மேல ஏத்தி வைச்சது நான்தான். உன்ர கண் எங்கட தலைக்கு மேல வரவேணும் எண்டு அண்ணாவோட திரும்பவும் கொழுவி, இன்னும் இரண்டு பெட்டி கீழ வைச்சு உயத்தினன். வந்த சனம் ஒவ்வொண்டும் உன்னை அண்ணாந்து பாத்துது. ஹெலனும் இன்னும் நாலு பேரும் அதே கறுப்பு யூனிஃபோமோட வந்து முன்வரிசையில இருந்தவை. அவையைப் பாத்திட்டுச் சனம் உன்னைப் பாத்துது, உன்னைப் பாத்திட்டு அவையைப் பாத்துது.

அந்த ஸ்ட்ராத்ஃபீல்ட் அன்ரியும் வந்தவ. படத்துக்கு முன்னால கனநேரம் நிண்டிட்டு என்னட்ட வந்தா. "ஒஃபிசில பெரிய வேலை எண்டெல்லோ நீர் சொன்னனீர்?" எண்டா. சுத்தி ஆக்கள், கையில தட்டுகள். நான் படத்தை ஒருக்காப் பாத்தன், தோளைப் பின்னுக்கு எடுத்தன்.

"இல்லை அன்ரி. நான் அண்டு பொய் சொன்னனான். மச்சாள் காலரியில கதவடியில நிண்டு காவல் காத்தவ. ஒன்பது வருசம்" எண்டன். எல்லாருக்கும் கேக்கிறமாதிரித்தான் சொன்னன்.

அன்ரி திரும்பி உன்னை இன்னொருக்கா அண்ணாந்து பாத்தா. "ஓம் பிள்ளை," எண்டா, "நிக்கிற நிலையில தெரியுது."

வேற என்ன புதினம்? நிரோ உன்ர கறுப்புச் சப்பாத்தை எறியவிடுறாள் இல்லை. அண்ணா இப்ப தானாச் சோறு காய்ச்சுறார், குழையுது, ஒண்டும் சொல்லாமல் சாப்பிடுறம். படம் வீட்டு முன்னறையில, வாசலைப் பாத்தபடி தொங்குது. அதுவும் உயரத்திலதான்.

ஒண்டு சத்தியமாச் சொல்லுறன் மச்சாள். இனி ஆர் வீட்ட வந்தாலும், அவை கேக்க முதல் நான் சொல்லுவன், நீ எங்க நிண்டனி, என்ன செய்தனி எண்டு. அண்டைக்கு உன்ர வேலையை ஒளிச்ச அதே வாயால சொல்லுவன். மாசத்தில ஒருக்கா ரெயின் ஏறி உன்ர அறைக்குப் போவன். பெரிய மனுசிக்கு முன்னால கொஞ்சநேரம் நிப்பன், பிறகு திரும்பி, நீ நிண்ட கதவடியைப் பாத்துக்கொண்டு அதைவிடக் கனநேரம் நிப்பன்.

உன்னை நேரில வந்து பாக்காமல் விட்டு, இப்ப அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்கிற,
உன்ர மச்சாள்
ஜெசி